டேப்லெட் எந்தப் பாடவேளையை எடுத்துக்கொண்டது? – ஒரு கண்காணிப்புப் பணியின் அனுபவம்

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட் வழியாகக் கணிதப் பயிற்சி தரும் ஒரு திட்டத்தில், 2023-24 கல்வியாண்டில் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டுப் பொறுப்பை ஏற்றிருந்தேன். திட்டத்தை நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். நிதி ஒரு பெருநிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வந்தது. கண்காணிப்பு என்றால் அறிக்கை எழுதும் வேலை என்றே இத்துறையில் பலரும் எண்ணுகிறார்கள். நாம் எதைக் கேட்கிறோமோ அதற்கேற்பவே திட்டம் வளைகிறது என்பதை அந்த ஓராண்டில் பள்ளிதோறும் பார்த்தேன்.

நான் சேர்ந்தபோது ஒரு மாதாந்திரப் படிவம் புழக்கத்தில் இருந்தது. எத்தனை டேப்லெட்டுகள் இயங்குகின்றன, எத்தனை பிள்ளைகள் லாகின் செய்தார்கள், வாரத்துக்கு எத்தனை நிமிடம் பயன்படுத்தினார்கள், எத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது என்பவையே அதிலிருந்த கேள்விகள். எல்லா எண்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத ஒரு பிள்ளை இப்போது கழிக்கிறதா என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கருவிகளை எண்ணுவது கற்றலை அளப்பதாகாது என்பதற்குப் பெரு நாடு நல்ல சான்று. அங்கே கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கொரு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012இல் முடிவுகளை வெளியிட்டது. கணினிகள் பல மடங்கு பெருகியிருந்தன. கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயரவில்லை.

எனவே பிள்ளைகள் தொடக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று அறிய, முதல் பருவத்திலேயே ஓர் அடிநிலைத் தேர்வு நடத்தினோம். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும், பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வின் முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அருகில் அமரவைத்து, ஈரிலக்கக் கழித்தலையும் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னோம். எழுத்துத் தேர்வில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட முடியும். இதில் பிள்ளை எந்தப் படியில் தடுமாறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திட்டத்தில் சேராத பள்ளிகளிலும் இதே தேர்வை நடத்த அனுமதி கேட்டபோது, ஒரு தலைமை ஆசிரியை, "எங்க பிள்ளைங்களுக்கு டேப்லெட் தரமாட்டீங்க, பரீட்சை மட்டும் வைப்பீங்களா சார்?" என்று கேட்டார். முற்றிலும் நியாயமான கேள்வி. அந்தப் பள்ளிகளுக்கு வகுப்புவாரி முடிவுகளையும் பயிற்சித் தாள்களையும் கொடுப்பது, அடுத்த கட்டத்தில் அவர்களுக்கே முன்னுரிமை தருவது என்று நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் மீண்டும் அவரிடம் சென்றேன்.

நான் அதிக நேரம் செலவிட்டது, டேப்லெட் வகுப்பு எந்த நேரத்தில் நடக்கிறது என்ற ஒற்றைக் கேள்விக்காக. குஜராத்தில் ஞான் சாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் கணினிவழிக் கணிதப் பயிற்சியை ஆராய்ந்த பொருளியலாளர் லீ லிண்டன், 2008இல் வெளியிட்ட கட்டுரை எனக்கு வழிகாட்டியாக இருந்தது. வகுப்பு நேரத்தில் ஆசிரியரின் கற்பித்தலுக்குப் பதிலாகக் கணினி வந்த இடத்தில் பிள்ளைகள் 0.57 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதை வைத்து வேறுபாட்டை அளக்கும் அலகு) பின்தங்கினார்கள். வகுப்பு நேரத்துக்கு வெளியே கூடுதலாக வந்த இடத்தில் 0.28 முன்னேறினார்கள். எங்கள் பள்ளிகளில் நிலைமை என்ன என்று அறிய, சர்வரில் பதிவாகியிருந்த நேரங்களை எடுத்து, வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையோடு ஒப்பிட்டேன். பெரும்பாலான பள்ளிகளில் டேப்லெட் எடுத்துக்கொண்டது கணிதப் பாடவேளையைத்தான். அந்த நேரத்தில் ஆசிரியர் நோட்டுத் திருத்திக்கொண்டோ, பள்ளி விவரங்களைப் பதிவுசெய்யும் அரசின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டோ இருந்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பதிவுப் பணிகளின் சுமை அப்படிப்பட்டது.

நேரில் உட்கார்ந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளை மற்றவர்களின் லாகினிலும் கணக்குகளை முடித்துக் கொடுத்ததால், மென்பொருள் அந்தப் பிள்ளைகளை அவர்களுக்கு எட்டாத நிலைக்கு ஏற்றிவிட்டிருந்தது. பயன்பாட்டு நிமிடங்களை மட்டும் கேட்டால் கிடைக்கக்கூடிய விளைவுதான் இது.

இவற்றை மாத அறிக்கையில் புதைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு ஒரு பக்கம் என்று எளிய தமிழில் அச்சிட்டு ஆசிரியர் கையிலேயே கொடுத்தோம். எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்பது மட்டுமே அதில் இருக்கும். பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த மாட்டோம், கல்வி அலுவலகத்துக்குப் பெயர்களை அனுப்ப மாட்டோம் என்றும் உறுதி தந்தோம். அதன் பிறகே ஆசிரியர்கள் எங்களோடு மனம்விட்டுப் பேசினார்கள். இரண்டாம் பருவத்தில் பல பள்ளிகள் டேப்லெட்டைக் கடைசிப் பாடவேளைக்கு மாற்றின. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிகளில் அதை மாற்றச் சொல்லவில்லை. அங்கே ஒரு வகுப்புக்கு ஆசிரியர் பாடம் நடத்தும்போது அடுத்த வகுப்பு சும்மா இருக்காமல் பயிற்சி செய்ய டேப்லெட் உதவியது. ஒரே கருவி பள்ளிக்குப் பள்ளி வேறு வேலை செய்கிறது என்பது சராசரி எண்ணில் தெரியாது.

மூன்றாம் பருவத்தின் இறுதித் தேர்வில், திட்டப் பள்ளிகள் கழித்தலிலும் வகுத்தலிலும் நல்ல முன்னேற்றம் காட்டின. ஒப்பீட்டுப் பள்ளிகளும் முன்னேறியிருந்தன. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் தமிழ்நாடு அரசு 2022இல் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், எங்கள் பணி நடந்த 2023-24இல்தான் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு விரிந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால், கழித்தலில் எங்கள் பிள்ளைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். வகுத்தலில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஒப்பீட்டை விட்டுவிட்டு, எங்கள் பள்ளிகளின் முன்-பின் எண்களை மட்டும் அறிக்கையில் வைக்கலாமே என்று நிறுவனத்துக்குள் சிலர் சொன்னார்கள். நான் இசையவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளுக்கு, குலுக்கல் முறையில் பிள்ளைகளைத் தேர்ந்து நடத்திய ஆய்வில் நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்டவிலக்க முன்னேற்றம் காணப்பட்டது என்றால், அதை உலகம் நம்புவது ஒப்பீட்டுக் குழு இருந்ததால்தான். எங்கள் திட்டத்துக்கும் அந்த நம்பகத்தன்மை வேண்டும் என்று வாதாடினேன்.

முழு முடிவும் அறிக்கையில் இடம்பெற்றது. நிதியளித்தவர்கள் புதிய டேப்லெட்டுகளுக்கு ஒதுக்கியிருந்த தொகையில் ஒரு பகுதியை வகுத்தலுக்கான பயிற்சித் தாள்களுக்கும், ஆசிரியரோடு வகுப்பிலேயே அமர்ந்து உதவும் களப்பணியாளர்களுக்கும் மாற்றித் தந்தார்கள். முன்பு கேள்வி கேட்ட தலைமை ஆசிரியையின் பள்ளி இரண்டாம் கட்டத்தில் சேர்ந்தது. அங்கே டேப்லெட் வருவதற்கு முன்பே, எந்தப் பாடவேளையில் நடத்துவது என்பதை ஆசிரியர்களே அட்டவணையில் எழுதி வைத்திருந்தார்கள்.