ஒரு த்ரெட்டுக்கு ஓர் எஞ்சின்: ஏலக்கணக்கு சர்வர் நாட்குறிப்பு

ஜூன் 8, மண்டபம்

தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது. 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் கடலுக்குப் போய்க் கரை திரும்பும் காலையில் எடைச் சீட்டெல்லாம் ஒரே மூச்சில் வந்து குவியும். ஐஸ் கழிவு, தரகு, ரகவாரி விலை என்று வாடிக்கு வாடி (மீன் கொட்டகை) கணக்கு வேறு. அதெல்லாம் லுவா என்ற சிறு நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட்; அதை ஓட்டும் சர்வர் சி மொழியில்.

இப்போதைய அமைப்பு: எட்டு த்ரெட் (சர்வருக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைக் கிளைகள்), ஒரே எஞ்சின் (ஸ்கிரிப்டை ஓட்டும் லுவா ஸ்டேட்), ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அதற்குள் விடும் பூட்டு. சீட்டின் கணக்குக்கு மட்டும் 3 மில்லிசெகண்ட் என்றாலே நொடிக்கு 333க்கு மேல் தாண்டாது. பூட்டை எடுத்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே லுவா ஸ்டேட்டுக்குள் இரண்டு த்ரெட் நுழைந்தால் ஸ்டாக் (கணக்கின் இடைநிலை மதிப்புகள் நிற்கும் அடுக்கு) குழம்பி சர்வர் ப்ராசஸே விழும். விழாமல் தப்பான தொகையைக் கொடுத்தால் இன்னும் ஆபத்து. அது ஒரு மீனவரின் கூலி.

ஜூன் 9

சீட்டுக்கு ஒரு புது எஞ்சின் என்பதும் வீண். வெறும் ஸ்டேட்டுக்குச் சில பத்து கேபிதான் பிடிக்கும். ஆனால் ஸ்கிரிப்டை ஒவ்வொரு முறையும் பார்ஸ் செய்வதில் (படித்துப் பிரித்துக்கொள்வதில்) நேரம் போகும். ஆகவே த்ரெட் தொடங்கும்போதே அதற்கென ஓர் எஞ்சின். ஸ்கிரிப்ட் அதில் ஒருமுறை ஏறினால் போதும். மூடுவதும் அதே த்ரெட்தான்.

ஜூன் 10, பாம்பன்

முக்கியமான இடம் இது. ஸ்கிரிப்டுக்குள்ளிருந்தே விலைப்பட்டியலை டேட்டாபேஸில் கேட்கிறார்கள். அதற்கு 40 மில்லிசெகண்ட் காத்திருப்பு. மொத்தம் 43, எஞ்சினுக்கு நொடிக்கு 23 சீட்டு, எட்டுக்கும் சேர்த்து 186தான் வரும். எஞ்சினைக் கூட்டினால் நினைவகம்தான் வீங்கும். டேட்டாபேஸ் வேலையைத் தனி த்ரெட்டுகள் முதலில் முடித்து, விலையை டேபிளாகக் கையில் கொடுத்தபின் சீட்டு எஞ்சின் வரிசைக்கு வரட்டும். கணக்கு மட்டும் என்றால் ப்ராசஸரின் நான்கு கோருக்கு நான்கு எஞ்சின் போதும். நொடிக்கு 1,300 போகும். வரிசைக்கு நீள வரம்பு கட்டாயம். நிரம்பினால் எடைமேடைக்கு ‘பிறகு அனுப்பு’ என்று உடனே பதில் போக வேண்டும்.

ஜூன் 11

‘லோக்கல்’ போட மறந்த ஒரு மாறி குளோபலாகி எஞ்சினிலேயே தங்கி, முந்தின படகின் கழிவை அடுத்த படகின் கணக்கில் ஏற்றுகிறது. ஒரே படகை வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. குளோபல் டேபிளில் புதிதாக எழுதினால் பிழை எழும்படி மெட்டாடேபிள் (டேபிளின் நடத்தையை மாற்றும் துணை டேபிள்) போட வேண்டும். சி பக்கம், சீட்டு முடிந்ததும் ஸ்டாக்கைச் சுழியமாக்க வேண்டும்; ரெஜிஸ்ட்ரியில் (சி நிரல் லுவா மதிப்புகளைப் பிடித்துவைக்கும் டேபிள்) எடுத்த ரெஃபரன்ஸை விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் விட்டால் நினைவகம் மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

ஜூன் 12

முடிவில்லாத லூப்புக்கு கவுண்ட் ஹூக் (இத்தனை கட்டளைக்கு ஒருமுறை என லுவா கூப்பிடும் சி ஃபங்ஷன்): 10,000 கட்டளைக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து, 50 மில்லிசெகண்ட் தாண்டினால் பிழை எழுப்பும். இதில் இரண்டு ஓட்டை. ஸ்கிரிப்டிலுள்ள பிகால் (பிழையைப் பிடித்துக்கொள்ளும் லுவா ஃபங்ஷன்) அந்தப் பிழையை விழுங்கிவிடலாம்; கொடி ஒன்றை வைத்து, அடுத்த ஹூக்கிலும் பிழை எழுப்ப வேண்டும். ஸ்ட்ரிங் பேட்டர்ன் தேடல் சி-க்குள் ஓடுவதால் அங்கே ஹூக் எட்டாது. உள்ளே வரும் சரத்தின் நீளத்தை முன்பே வெட்ட வேண்டும். நேரம் தாண்டிய எஞ்சினை வரிசைக்குத் திருப்பக் கூடாது. மூடிவிட்டுப் புதிது.

ஜூன் 13

விதி மாறினால் பதிப்பு எண் ஏறும். ஒவ்வொரு த்ரெட்டும் அடுத்த சீட்டை எடுக்குமுன் எண்ணைப் பார்த்து, தானே ஸ்கிரிப்டை மாற்றிக்கொள்ளும். வாடிகளிலிருந்து வரும் ஸ்கிரிப்டை மூல வடிவில் மட்டும் ஏற்கவும். பைட்கோடை (முன்பே தொகுத்த வடிவம்) லுவா 5.2 முதலே சரிபார்ப்பதில்லை.