கணைய அழற்சியில் எக்மோ: முதலில் வயிற்றின் அழுத்தத்தைப் பாருங்கள்

கணைய அழற்சி தீவிரமானால் பலருக்கு முதல் வாரத்திலேயே நுரையீரலும் படுத்துவிடுகிறது. அவர்களில் சிலருக்குக் கடைசியில் எக்மோ, அதாவது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் கருவி, தேவைப்படும். எக்ஸ்-ரேயில் இருபுறமும் வெள்ளை படர்ந்திருக்கும். நிமோனியா போலத் தெரிந்தாலும் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கிருமி காரணமில்லை. பாஸ்ஃபோலிபேஸ் ஏ2 என்ற நொதி, காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட்டைச் சிதைக்கிறது. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் நுண்குழாய்ச் சுவரைக் குலைக்க, நீர் உள்ளே கசிகிறது. அதன்மேல் நாம் ஏற்றும் சலைன் வேறு! 2022-இல் வந்த வாட்டர்ஃபால் ஆய்வில், தாராளமாகத் திரவம் ஏற்றியவர்களில் 20.5 சதவீதத்தினருக்கு நீர் மிகுந்துபோனது. அளவாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான்.

வெண்டிலேட்டரில் போட்டதும் டைடல் வால்யூமை, அதாவது ஒரு மூச்சில் செலுத்தும் காற்றின் அளவை, உயரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். 170 செ.மீ. உயர ஆணுக்கு, உயரத்தை வைத்துச் சொல்லும் கணிப்பு எடை 66 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் சுமார் 400 மி.லி. ஆள் 95 கிலோ இருந்தாலும் அதே 400தான், நுரையீரல் எடையோடு சேர்ந்து பெருப்பதில்லை. பிளாட்டோ அழுத்தம், அதாவது காற்று உள்ளே போய் நின்றதும் காணும் அழுத்தம், 30 செ.மீ. நீருக்குள் நிற்க வேண்டும்.

நிற்கவில்லையா? உடனே நுரையீரலைக் குறை சொல்லாதீர்கள். வீங்கிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளினாலும் அந்த எண் ஏறும். வயிற்றழுத்தத்தைச் சிறுநீர்ப்பை வழியே அறியலாம். அதில் 25 மி.லி.க்கு மிகாமல் சலைன் விட்டு, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, நடு அக்குள் கோட்டில் பூஜ்யம் வைத்து, மூச்சு வெளியேறி முடியும் தருணத்தில் அளவெடுங்கள். 12 மி.மீ. பாதரசம் தொட்டாலே கவலை. 20-ஐத் தாண்டி அப்படியே நீடித்து, புதிதாக ஓர் உறுப்பும் செயலிழந்தால் அது வயிற்று கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், அழுத்தமே உறுப்புகளை முடக்கும் நிலை. மூக்குவழிக் குழாயால் இரைப்பையைக் காலிசெய்வது, நல்ல மயக்கம், தசைத்தளர்ச்சி மருந்து, வயிற்று நீரை வடிப்பது, டயாலிசிஸில் நீர் எடுப்பது என்று போய், எதற்கும் மசியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியதுதான்.

பிஎஃப் விகிதம் (தமனி ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, செலுத்தும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பங்கால் வகுத்த எண்) 150-க்குக் கீழே இருந்தால் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைக்கலாம். மார்புக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை கொடுத்து, வயிறு மெத்தையில் அழுந்தாமல் தொங்கும்படி விடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் விகிதம் 3 மணி நேரத்துக்கு மேல் 50-க்குக் கீழேயோ, 6 மணி நேரத்துக்கு மேல் 80-க்குக் கீழேயோ கிடந்தால் விவி எக்மோ, அதாவது சிரையில் எடுத்துச் சிரையிலேயே திருப்பும் வகை. தொடைச் சிரையில் எடுத்து, ஆக்சிஜனேட்டர் வழியே ஓட்டி, கழுத்துச் சிரையில் திருப்புவது வழக்கம். தொடங்கியதும் ஸ்வீப் வாயுவை, அதாவது ஆக்சிஜனேட்டரில் ஓடி கரியமில வாயுவை வெளியேற்றும் வாயுவை, மெல்ல ஏற்றுங்கள். கரியமில வாயு சட்டென்று இறங்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து உண்டு.

கணைய நோயாளியின் எக்மோவுக்கென்றே சில வில்லங்கங்கள் உள்ளன. ரத்தத்தை எடுக்கும் குழாய் திடீரென்று உதறத் தொடங்கும், ஓட்டம் சரியும். ரத்த அளவு போதவில்லை என்று எண்ணிச் சலைன் விடத்தான் கை போகும். ஆனால் வயிற்றழுத்தம் கீழ்ப் பெருஞ்சிரையை நசுக்குவதாலும் இதே உதறல் வரும். அப்போது விடும் ஒவ்வொரு பாட்டிலும் வயிற்றை இன்னும் இறுக்கும். பம்ப்பின் வேகத்தைக் கூட்டினால் சிரைச் சுவர் குழாயோடு ஒட்டிக்கொள்ளும், சிவப்பணுக்கள் உடையும். வேகத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு வயிற்றழுத்தத்தை மறுபடி அளப்பதே சரி.

டிரைகிளிசரைடு ஏறி வந்த கணைய அழற்சி என்றால் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து வேண்டாம். அது கொழுப்புக் கரைசலில்தான் வருகிறது. கொழுப்பு ஆக்சிஜனேட்டரிலும் படியும்.

எக்மோவில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபாரின்தான் பெரிய தலைவலி. அழுகிய கணையத்தின் அருகே மண்ணீரல் தமனி அரிக்கப்பட்டுப் பொய் அனியூரிசம், அதாவது கசிந்த ரத்தம் தேங்கி எளிதில் வெடிக்கும் பை, உருவாகலாம். ஹீமோகுளோபின் காரணமின்றி இறங்கினாலோ, வயிற்றிலிருந்து வடிக்கும் டிரெயின் குழாயில் சிவப்பு தெரிந்தாலோ ஹெபாரினை நிறுத்திவிட்டு ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ எடுத்து, எம்பொலைசேஷனுக்கு (கசியும் குழாயை உள்ளிருந்தே அடைப்பது) ஆளைக் கூப்பிடுங்கள். ஓட்டம் நன்றாக இருக்கும்வரை விவி சர்க்யூட் ஹெபாரின் இல்லாமலும் கொஞ்ச காலம் தாங்கும். தமனியில் பீறிடும் ரத்தம் அவ்வளவு நேரம் தராது.