எத்தனை மணிக்குப் பால் கொடுத்தீங்க?

குழந்தைகள் பிரிவில் செவிலியராகச் சேர்ந்து 14 வருடம் ஆகிறது. முதல் சில வருடங்களில் பசும்பால் அலர்ஜி என்றால் என் மனதில் ஒரே படம்தான்: பால் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, மூச்சு இழுக்கும் குழந்தை. அப்படி வந்தால் யாருக்கும் சந்தேகமே இருக்காது, எல்லாரும் ஓடுவோம். மெதுவாகக் காட்டும் இன்னொரு வகை உண்டு என்று படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

ஒரு நாள் இரவு மூன்று மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடாமல் வாந்தி, உடம்பு துவண்டு வெளுத்துப் போயிருந்தது. காய்ச்சல் இல்லை, தோலில் ஒரு தடிப்புகூட இல்லை. ரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்று பயந்து டிரிப்ஸ், ஆன்டிபயாட்டிக் எல்லாம் தொடங்கினோம். அதில் தவறில்லை, இன்றைக்கு அப்படி ஒரு குழந்தை வந்தாலும் அதைத்தான் செய்வோம். சில மணி நேரத்தில் குழந்தை தெளிந்து சிரித்தது, ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து அதே குழந்தை, அதே கோலம். இந்தத் தடவை அந்த அம்மாவே சொன்னார்: "சிஸ்டர், அன்னைக்கும் புட்டிப்பால் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் இப்படி ஆச்சு, இடையில தாய்ப்பால் மட்டும்தான் குடிச்சான், ஒண்ணும் ஆகலை." பழைய கேஸ் தாளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் 'வாந்தி, சோர்வு' என்று இருந்தது. என்ன பால், எப்போது கொடுத்தது, எத்தனை நேரத்தில் வாந்தி வந்தது, எதுவும் இல்லை. நான் கேட்கவே இல்லை. பால் கொடுத்து 1 முதல் 4 மணி நேரத்துக்குள் அடுக்கடுக்காக வாந்தி எடுத்து, வெளுத்துத் துவண்டு போவது பால் புரதத்தால் வரும் குடல் சார்ந்த ஒவ்வாமையின் ஒரு வகை. தோலில் எதுவும் தெரியாததால் தொற்று என்று நினைத்துவிடுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த இரண்டாவது இரவு அந்தக் குழந்தைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

அதிலிருந்து, வாந்தியோ பேதியோ தடிப்போ, எதுவாக இருந்தாலும் என் முதல் கேள்வி நேரம்தான். உடனே வரும் வகை சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் காட்டிவிடும். மெதுவான வகைக்கு மணிக்கணக்கு, சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். மலத்தில் சளியோடு கோடு கோடாக ரத்தம், ஆறாத கரப்பான், பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்புவது, எடை ஏறாமல் நிற்பது எல்லாம் இதில் சேரும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் வரலாம், அம்மா சாப்பிடும் பால் பொருளின் புரதம் மிகக் கொஞ்சமாகத் தாய்ப்பாலில் இறங்குகிறது. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் உறவினர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். நிறுத்த வேண்டியது தாய்ப்பாலை இல்லை. டாக்டர் சொன்னால் அம்மா சில வாரம் பால் பொருளை விட்டுப் பார்ப்பார், அந்த நாட்களில் அவருக்குக் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதற்கு நேரெதிரான தவறும் செய்திருக்கிறேன். அந்த இரவுக்குப் பிறகு கொஞ்ச காலம் அழுகிற குழந்தை, கக்குகிற குழந்தை எல்லாமே அலர்ஜியாகத் தெரிந்தது. நன்றாக எடை ஏறி, சிரித்து விளையாடுகிற குழந்தை பால் கக்குவது பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. இப்படித்தான் ஒரு அம்மா, நான் சந்தேகமாகச் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, ஐந்து மாதம் பாலும் தயிரும் தொடாமல் இளைத்துப் போய் வந்து நின்றார். 2 முதல் 4 வாரம் விட்டுப் பார்த்து, சரியானால் மறுபடி சேர்த்துப் பார்க்க வேண்டும், அப்போது தொல்லை திரும்பினால்தான் பால்தான் காரணம் என்று உறுதி. மெதுவான வகை ரத்தப் பரிசோதனையில் பிடிபடாது, அதனால் அந்த இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதிக்கு அர்த்தமில்லை. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான். (உடனே வரும் வகையிலும், இப்படித் துவண்டு போகும் வகையிலும் வீட்டில் இந்தச் சோதனை கூடவே கூடாது, மருத்துவமனையில்தான்.)

அப்புறம் ஆட்டுப்பால். பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று கேட்காத வீடே இல்லை. இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான், பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. லாக்டோஸ் இல்லாத பால் பவுடரும் அப்படித்தான், அதில் எடுத்திருப்பது சர்க்கரையை, புரதம் அப்படியே இருக்கிறது. புரதத்தை நன்றாக உடைத்துத் தயாரித்த பவுடர் தனியாக இருக்கிறது, அதை டாக்டர் எழுதித்தருவார். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பிக் கல் மாதிரி இருந்தாலோ அலர்ஜியா என்று யோசித்துக்கொண்டே வீட்டில் உட்கார வேண்டாம், குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

அந்த இரண்டு இரவுக் குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயதில் வார்டில் வைத்துப் பால் கொடுத்துப் பார்த்தோம், டிரிப்ஸ் போடக் கையில் ஊசி தயாராக இருந்தது. 9.10 என்று எழுதினேன். அவன் அம்மா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 10.10, 11.10, 12.10. ஒரு மணிக்கு அவன் பசிக்கிறது என்று அழத் தொடங்கினான், அதையும் நேரம் போட்டு எழுதிவைத்தேன்.