முள் அசையவில்லை

கார் கட்டும் எங்கள் அணியில் ஐந்து பேர்தான். இரண்டாவது காரின் சட்டகத்தை இப்போதுதான் முடித்தோம். 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய், 1.6 மி.மீ. கனம். வெல்டிங் என் வேலை. குழாயின் முனையைப் பிறை போலக் குடைந்து, அடுத்த குழாயில் இடுக்கே தெரியாமல் உட்கார வைக்க வேண்டும். ஒரு முனைக்கே அரை மணி நேரம் அரம் போடுவேன். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது.

முதல் காரில் ஸ்டியரிங் ராக்கை, அதாவது ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்தண்டை, இருக்க வேண்டியதைவிட 8 மி.மீ. உயரத்தில் பொருத்திவிட்டோம். மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகவே திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பார்கள். ஓட்டுநர் நேர்ப்பாதையிலும் போராடினார், பாவம்.

இந்த முறை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, அது திரும்புகிறதா என்று டயல் கேஜில் (நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் அளவுகோல்) பார்த்தோம். உயரத்தைச் சரிசெய்ய மெல்லிய தகடுகளை, அதாவது ஷிம்களை, ஒவ்வொன்றாக வைத்தோம். நான்காவது ஷிம் வைத்ததும் முள் அப்படியே நின்றது. ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் ஐந்து பேரும் கத்திவிட்டோம்.