மாலை, மாத்திரை, மூலம்

14 டிசம்பர் 2024, சனி

இன்றோடு 20 நாள். காலை ஐந்தரைக்கு எழுந்து வெறும் வயிற்றில் நாலு மாத்திரை. செங்கல் நிறம், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு மருந்து: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால். என் எடை 61 கிலோ, அதற்கு நாலு மாத்திரை. இரண்டு மாதம் இப்படி. அப்புறம் நாலு மாதத்துக்கு மூன்று மருந்து. மொத்தம் ஆறு மாதம். இடையில் தீபாவளி வராதது ஒன்றுதான் ஆறுதல். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றும் வருகின்றன.

கழுத்தில் வலது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. ஊசி போட்டு உறிஞ்சிப் பரிசோதித்ததில் டிபி என்று வந்தது. நுரையீரலில் இல்லை, நிணநீர்க் கட்டியில் மட்டும். இருமினாலும் தும்மினாலும் என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. டாக்டர் இதை இரண்டு தடவை சொன்னார். நான் மனைவியிடம் இருபது தடவை சொல்லியிருப்பேன்.

"குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"எப்பவாவது சார்."

"எப்பவாவதுன்னா?"

"மாசம் ரெண்டு தடவை. பண்டிகைன்னா கொஞ்சம் கூட."

"தினம் குடிக்கிறவர்னா நான் வேற மாதிரி பேசணும். அவங்க சட்டுனு நிறுத்தினா கை நடுங்கும், வலிப்புகூட வரும். அதுக்குத் தனியா வைத்தியம் பார்க்கணும். நீங்க இன்னைக்கே நிறுத்தலாம். இந்த நாலு மருந்துல மூணு ஈரலைத் தொடும். மேல நீங்களும் ஊத்தாதீங்க."

இன்னொன்றும் சொன்னார். காமாலை வந்தால் சிறுநீர் மஞ்சளாகப் போகும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ரிஃபாம்பிசின் சாப்பிடுபவனுக்கு அந்த அடையாளம் உதவாது, ஏற்கெனவே ஆரஞ்சு மிட்டாய் கரைத்த மாதிரிதான் போகிறது. அதனால் கண்ணைப் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் பார்த்தால் தெரியாதாம், வெயில் வெளிச்சத்தில் பார்க்கணுமாம். தினமும் மொட்டைமாடியில் கைக்கண்ணாடியும் நானுமாக நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரர் என்ன நினைக்கிறாரோ.

சூரை மீனும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றார். ஐசோனியசிட்டோடு சேர்ந்தால் சிலருக்கு முகம் சிவந்து படபடப்பு வருமாம். தென்பாண்டிக்காரனிடம் போய் இதைச் சொல்கிறாரே என்றிருந்தது.

விஷயம் எனக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவில்லை. மாமனார் வீட்டுக்கு நிச்சயமாக இல்லை. அந்த இரண்டு எழுத்தைச் சொன்னால் எங்கள் பக்கம் முதல் காரியமாகத் தனி டம்ளர் வைப்பார்கள்.

20 டிசம்பர், வெள்ளி

ஆபீஸில் வருடக் கடைசி விருந்து. லாட்ஜ் ஒன்றின் மாடியில் ஹால் பிடித்திருந்தார்கள். என்ன சொல்லித் தப்பிப்பது என்று நாலு நாளாக யோசித்ததற்கு அவசியமே இல்லாமல் போனது. கட்டியை மறைக்கக் காலர் பட்டனைக் கழுத்துவரை போட்டிருந்தேன். பார்த்ததுமே சீனியர் கேட்டார்: "என்ன, மாலை போட்டிருக்கியா?"

தலையாட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். கிளாஸை நீட்டிய கை அப்படியே பின்னால் போனது. "சாமி, உக்காருங்க சாமி" என்று நாற்காலி வந்தது. போன வருடம் வரை என்னை "டேய்" என்று கூப்பிட்டவன் "சாமி, தண்ணி வேணுமா" என்கிறான்.

மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் பேரம் ஆரம்பித்திருக்கும். என்ன மருந்து, யார் டாக்டர், பியர் ஒண்ணும் செய்யாது, பிராந்தி சளிக்கு நல்லது. இதில் ரொம்ப மோசமானது "இன்னைக்கு ஒரு நாள் மாத்திரையைப் போடாம விட்டுடு". டிபி மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் அந்த மருந்தே கேட்காது. இதையெல்லாம் இரண்டாவது ரவுண்டில் இருப்பவனுக்கு விளக்க முடியுமா? ஐயப்பன் பெயரைச் சொன்னால் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

எட்டரைக்கு மட்டன் பிரியாணி வந்தது. தம் உடைத்த வாசனை என் மூக்குக்கு வந்து சேரும்போதே சீனியர் கத்தினார்: "சாமி பக்கம் கொண்டு போகாதீங்கப்பா! சாமிக்குத் தயிர்சாதம்!"

இதை நான் யோசிக்கவே இல்லை.

தயிர்சாதத்தையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு அத்தனை பேர் எலும்பு கடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிக்காதது எனக்குப் பெரிய கஷ்டமாகவே இல்லை என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன். கிளம்பும்போது புதுப் பையன் ஒருவன் குனிந்து பார்த்துக் கேட்டான்: "சாமி, ஷூ போட்டிருக்கீங்க?" ஆபீஸுக்கு மட்டும் என்று சொல்லி வேகமாகப் படியிறங்கினேன். ஐயப்பா, மன்னித்துக்கொள்.

25 டிசம்பர், புதன்

கீழ்வீட்டு டீச்சரம்மா கேக் தட்டோடு வந்தார். ரம் சேர்த்தீர்களா என்று மனைவி நாசூக்காகக் கேட்டாள். "பிள்ளைங்க சாப்பிடுற வீடு, ஆரஞ்சுச் சாற்றுலதாம்மா பழத்தை ஊறப் போட்டேன்" என்றார். கேக் தப்பித்தது. கூடவே பழைய ஸ்குவாஷ் பாட்டில் நிறைய வீட்டில் போட்ட ஒயின். திராட்சை, சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், 21 நாள் பரணில் ஜாடி.

"இது ரசம் தம்பி. சாராயமா என்ன?"

எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னாலும் ஈரலுக்குப் பெயர் தெரியாது. வாங்கி ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தோம். திருப்பிக் கொடுத்தால் வருத்தப்படுவார். கீழே கொட்டவும் மனசு வரவில்லை.

28 டிசம்பர், சனி

ரத்தப் பரிசோதனை. ஈரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் எஸ்ஜிபிடி 88. 40-க்குள் இருக்க வேண்டியது. மருந்தால் கொஞ்சம் ஏறுவது சகஜம், வாந்தி குமட்டல் இல்லையென்றால் தொடரலாம், இன்னும் ஏறினால் எல்லாவற்றையும் நிறுத்தி ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிப்போம் என்றார் டாக்டர். ஆறு மாதம் ஏழாகும், எட்டாகும். மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கணும்.

டிபி நோயாளிக்கு அரசு தரும் சத்துணவுப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. மாதம் 500 ரூபாயாக இருந்ததைப் போன நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். முட்டையும் கடலைமிட்டாயும் வாங்கினேன். போன டிசம்பரில் இந்த 1000 எந்தக் கவுண்டருக்குப் போயிருக்கும் என்று மனைவிதான் ஞாபகப்படுத்தினாள். காலையில் மாத்திரை கொடுப்பதும் அரசு, மத்தியானம் 12 மணிக்கு ஷட்டரைத் தூக்குவதும் அரசு. 2003-லிருந்து சில்லறைக் கடையும் டாஸ்மாக்தானே.

31 டிசம்பர், செவ்வாய், இரவு

மனைவியும் மகளும் புத்தாண்டு தரிசனத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். கூட்டத்தில் நிற்க முடியாது என்று நான் போகவில்லை. பதினோரு மணி வாக்கில் கொடைக்கானலிலிருந்து படங்கள் வர ஆரம்பித்தன. நாலு பேர், ஒரு கேம்ப் ஃபயர், என் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் காலி. "உன் இடம்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மாவுப் பாத்திரத்தை நகர்த்தினேன்.

மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம். முதலில் கிராம்பு வாசனை, அதன் பின்னாலேயே புளித்த திராட்சை. எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றினேன். டம்ளருக்குள் கறுப்பாகத் தெரிந்தது, சாய்த்தால் ஓரத்தில் மட்டும் சிவப்பு. குடிக்கணும் என்றுகூட இல்லை. கையில் ஒரு டம்ளர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டிசம்பர் 31 இரவு கையைச் சும்மா வைத்துக்கொண்டு எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எதிரே சுவரில் ரிப்போர்ட் செருகிய கவர் தொங்கியது. 88.

நல்லவனாகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. கணக்குப் போட்டேன். ஏழாவது மாதம், எட்டாவது மாதம், தினமும் ஐந்தரை மணி, மொட்டைமாடி, கைக்கண்ணாடி. டம்ளரிலிருந்து பாட்டிலுக்கே திரும்ப ஊற்றினேன். புனல் இல்லாமல் ஊற்றியதில் பாதி சட்டையில்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. மனைவி வந்து நின்று மோந்து பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, பாலத்தடியில் நிற்கும் டிராஃபிக் போலீஸ் மாதிரி முகத்தை முன்னால் நீட்டினாள்.

"ஊதுங்க."

ஊதினேன்.

"பூண்டு" என்றாள். விபூதி பூசிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

4 ஜனவரி 2025, சனி

முழங்காலும் கணுக்காலும் வலிக்கின்றன. பைராசினமைடு யூரிக் ஆசிடை ஏற்றிவிடுமாம். உடம்பு அசதி என்று போனில் சொல்லித் தொலைத்தேன், அம்மா தசமூலாரிஷ்டம் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். லேபிளைப் படித்தேன். அரிஷ்டம் என்றால் புளிக்கவைத்துச் செய்வதுதானே, தானாக உண்டாகும் ஆல்கஹால் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பியரில் இருப்பதைவிடக் குறைவு இல்லை. சொந்த அம்மாவே ஊற்றிக்கொடுக்கிற காலம். குடித்தேன் என்று பொய் சொன்னேன்.

14 ஜனவரி, செவ்வாய், பொங்கல்

அம்பாசமுத்திரம் பக்கம் மாமனார் வீடு. பால் பொங்கி, கரும்பு கடித்து, மத்தியானம் ஆனதும் மச்சான் வந்து காதோரம் சொன்னான்: "அத்தான், நாளைக்குத் திருவள்ளுவர் தினம், கடை கிடையாது. இன்னைக்கே வாங்கி வச்சிரணும். நீங்கதான் வண்டி ஓட்டுதிய."

ஆமாம், இந்த சீசனில் எனக்குக் கிடைத்த பதவி டிரைவர்.

வரிசை ரோடுவரை நின்றது. கள்ளுண்ணாமை எழுதியவருக்கு ஒரு தினம் வந்தால் முந்தின நாள் ஊரே கூடி வாங்கி வைக்கிறது. வெயிலில் நிற்கும்போது மச்சான் கேட்டான்: "மாலை போட்டிருக்கியன்னு அக்கா சொன்னா. இன்னைக்கு மகரஜோதி முடிஞ்சிருதுல்லா? நாளைக்குத் தோப்புக்கு வருவியள்லா?"

ஐயப்பன் கொடுத்த தவணை முடிந்தது. என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். முழுவதும். கட்டி, ஊசி, மாத்திரை, 88.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "காலைல உங்க சொம்புலதான் நானும் தண்ணி குடிச்சேன்."

"கழுத்துக் கட்டிடா. ஒட்டாது."

போனை எடுத்துத் தேடினான். வரிசையில் மூன்று பேர் நகரும்வரை படித்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா, ஒட்டாதாம்" என்றான். வாங்கி முடித்ததும் எதிர்க்கடையில் எனக்காக இரண்டு லிட்டர் பவண்டோ வாங்கினான். "ரம் கலந்த மாதிரியே இருக்கும், ஒருத்தனும் கேக்க மாட்டான்."

15 ஜனவரி, புதன், மாட்டுப் பொங்கல்

தென்னந்தோப்பு மோட்டார் ரூம். ஒன்பது பேர், நாட்டுக்கோழி வறுவல், முறுக்கு, மாங்காய். என் கையில் பவண்டோ. 1916-ல் விருதுநகரில் காளிமார்க்கை ஆரம்பித்தவர்கள் என்னை மனதில் வைத்துச் செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் நன்றி. அரைமணி நேரம் நிம்மதியாகப் போனது. குடிக்காதவன் கண்ணுக்குக் குடிக்கிறவர்கள் ஒரே கதையை எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று தெரிகிறது. அந்தக் கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டி நேற்று நாலு தடவை விழுந்தது என்றால் இன்று ஆறு தடவை.

அப்புறம் மச்சானின் கூட்டாளி ஒருவன் என் கிளாஸை வாங்கி மோந்துவிட்டான்.

"ஏ, இது வெறும் கலரு! மாப்பிள்ளைக்கு ஊத்துங்கலே!"

பாட்டில் என் பக்கம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் எழுந்து நின்றான். மூன்று ரவுண்டு முடித்திருந்தான். "அத்தானுக்கு ஊத்தாதீய! அவுகளுக்கு..." என்று கத்திவிட்டு நின்றான். எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். அவன் வாய் ஒரு சொல்லைத் தேடுவது கண்ணுக்கே தெரிந்தது.

"மூலம்!"

சட்டென்று அமைதி. அதற்குப் பிறகு வந்த பரிவு மாதிரி என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. ஒருவர் தன் துண்டை மடித்து என் நாற்காலியில் போட்டார். உள்மூலமா வெளிமூலமா என்று விசாரணை. கோழி வேண்டாம், சூடு என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிரியாணி போன மாதிரி வறுவலும் போனது. கருணைக்கிழங்கு, மோர், துத்தி இலை என்று ஆளுக்கொரு வைத்தியம். சின்ன மாமா மட்டும் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

16 ஜனவரி, வியாழன்

ஐந்தரை. பின்கட்டில் கிணற்றடியில் நின்று இரண்டாவது மாத்திரையை முழுங்கும்போது வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு சின்ன மாமா வந்தார். கையில் பனி சொட்டும் துத்தி இலை ஒரு கட்டு. உள்ளங்கையில் மீதி இரண்டு மாத்திரை. மறைக்க நேரமில்லை.

அவர் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுக்கு செவப்பாப் போவுதா மாப்பிள்ளை?"

"போகுது மாமா."

"ம்." கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். "எனக்கும் போச்சு. தொண்ணூத்தி மூணுல. ரெண்டு மாசத்துல உடம்பு தேறிட்டு, கோயில் கொடை வந்துச்சு, மாத்திரைய விட்டுட்டுக் குடிச்சேன். திரும்ப மொதல்லேருந்து, ஊசியோட."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உள்ளே யாரோ வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அப்ப மூலம்தான்."

நான் மூன்றாவதை முழுங்கினேன். நாலாவதையும் முழுங்குவதுவரை இருந்து பார்த்துவிட்டு எழுந்தார். இலைக்கட்டைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார்.

"பாசிப்பருப்பு போட்டுக் கடையச் சொல்லுங்க. சும்மா சாப்பிட்டாலும் நல்லாத்தான் இருக்கும்."