பூங்கா இடத்தைக் காப்பாற்றிய தானப் பத்திரம்: எங்கள் மனைப்பிரிவின் அனுபவம்

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த இடத்தை, அதையொட்டி அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டவிருந்த ஒரு நிறுவனத்துக்கு விற்பதற்குப் பேரூராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பல மாத அலைச்சலுக்குப் பிறகு இப்போது அந்தத் தீர்மானம் ரத்து செய்யப்பட்டுவிட்டது. இதே நிலையில் இருக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பயன்படும் என்பதால், எங்கே இழுத்தடிக்கப்பட்டோம், எது கைகொடுத்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

தீர்மானத்தில் ‘பூங்கா’ என்ற சொல்லே இல்லை. ‘பயன்பாடற்ற காலியிடம்’ என்ற விவரிப்பும் ஒரு புல எண்ணின் உட்பிரிவும் மட்டுமே இருந்தன. அறிவிப்பு ஒட்டவில்லை என்று குற்றம் சொல்லவும் வழியில்லை; அலுவலகத்துக்குள் இருந்த பலகையில், டெங்கு விழிப்புணர்வுச் சுவரொட்டிக்கு அடியில், கீழ் ஓரம் மட்டும் வெளியே தெரியும்படி அது ஒட்டப்பட்டே இருந்தது. அளவையர் வந்து கல் நட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

தீர்மான நகல் கேட்கப் போனபோது, கூட்டம் நடந்த தேதியையும் தீர்மான எண்ணையும் குறிப்பிட்டு மனு எழுதித் தந்தால்தான் தேடித் தர முடியும் என்றார் எழுத்தர். அந்த இரண்டும் நகலில்தானே இருக்கும் என்று கேட்டதற்கு, “அப்படியானால் தகவல் சட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்த மனு, நாங்கள் யார்மீது புகார் சொன்னோமோ அதே செயல் அலுவலருக்கு ‘உரிய நடவடிக்கைக்காக’ அனுப்பப்பட்டு, ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. ஆனாலும் அந்த மனுவைக் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். அதன் ஒப்புகைச் சீட்டு பிறகு வக்கீல் நோட்டீசுக்கு உதவியது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோர், ‘ஏன் விற்கிறீர்கள்’, ‘இது நியாயமா’ என்றெல்லாம் எழுதி வீணாக்க வேண்டாம். காரணம் கேட்கும் கேள்விக்குத் தகவல் இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மன்றத் தீர்மானப் பதிவேடு, அசையாச் சொத்துப் பதிவேடு, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்; கூடவே பிரிவு 2(ஜே)-யின் கீழ் கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். எங்களுக்கு 30 நாள் கழிந்தும் பதில் வராமல், முதல் மேல்முறையீடு போன பிறகே கோப்பைக் கண்ணில் காட்டினார்கள். பார்வையிடும்போது செல்பேசியில் படமெடுக்க விடவில்லை. எனவே பக்க எண்ணோடு குறிப்பெடுத்துக்கொண்டு, அந்தப் பக்கங்களுக்கு மட்டும் சான்றிட்ட நகல் கேட்டோம்.

கோப்பில் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி பெறும்போது, சாலைகளையும் பூங்கா போன்ற பொது ஒதுக்கீட்டு இடத்தையும் மனை போட்டவர் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை இடமாகவே ஒப்படைத்தாக வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. அந்தத் தானப் பத்திரம் ‘இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று எழுத்திலேயே பதில் தந்தார்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அந்த உட்பிரிவு எண்ணில் ஒரு பதிவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். உட்பிரிவு பிற்காலத்தில் செய்யப்பட்டது. பத்திரமோ தாய்ப் புல எண்ணில் பதிவாகியிருக்கும். அந்தப் பழைய எண்ணைப் போட்டுத் தேடியதும் ஆவண எண் கிடைத்தது. ஆனால் இப்போதைய சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை நாள் காத்திருந்த பிறகுதான், அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வேறு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

அங்கே வாங்கிய நகல் மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்றாம் பக்கத்தில், கையெழுத்தில், மேற்படி இடத்தைப் பூங்கா உபயோகத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேறு எவ்வகையிலும் பராதீனம் (விற்பனை போன்ற கைமாற்றம்) செய்யக் கூடாது என்ற வரி தெளிவாக இருந்தது. அந்த வரியைப் படித்தபோது பதிவகத்தின் வராந்தாவிலேயே எங்கள் சங்கச் செயலாளர் உரக்கச் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று உறுதிசெய்த பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கின் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அப்பகுதிவாசிகளுக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே ‘நீங்கள் யார் கேட்பதற்கு’ என்று அதுவரை கேட்டவர்களுக்கு வக்கீல் நோட்டீசில் அதையே பதிலாக எழுதினோம். உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலத்தை உரிய அனுமதியின்றி மாற்றும் ஆவணத்தைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டப் பிரிவு 22-ஏ-வைச் சுட்டிக்காட்டி, பத்திர நகலோடு சார்பதிவாளரிடம் ஆட்சேப மனுவும் கொடுத்து ஒப்புகை பெற்றோம். நீதிமன்றப் படி ஏற வேண்டிய தேவையே வரவில்லை. விற்பனை அனுமதி கேட்டு மேலே போன கோப்பு, தானப் பத்திர நிபந்தனைக்கு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்த மன்றக் கூட்டத்தில் விவாதம் ஏதுமின்றித் தீர்மானத்தை ரத்து செய்தார்கள்.

ரத்துத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கையில் வாங்காமல் ஓய்ந்துவிடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதை அடுத்து வரும் செயல் அலுவலர் ஏற்கப்போவதில்லை. எங்கள் வேலையும் இன்னும் முடியவில்லை. வருவாய்த் துறைக் கணக்கில் அந்த உட்பிரிவுக்கான பட்டா இன்றும் மனை போட்டவரின் பெயரிலேயே நிற்கிறது. அதைப் பேரூராட்சியின் பெயருக்கு மாற்றவும், அசையாச் சொத்துப் பதிவேட்டில் ‘பூங்கா’ என்றே பதியவும் விண்ணப்பித்திருக்கிறோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்டது, பூங்கா என்பதற்கான ஆதாரத்தை. இந்த முறை அது பையிலேயே இருந்தது.