ஒரே நம்பர்

"ஜனங்க கோபமா இருக்காங்களா இல்லையா? ஒரே நம்பரா குடுங்க."

மழை நாள் ட்வீட்டுகளை அலசிக்கொண்டிருந்த எங்களிடம் கேட்ட கேள்வி. நம்பரும் கொடுத்தோம், தசமப்புள்ளியோடு. அந்தப் புள்ளிதான் இன்னும் உறுத்துகிறது.

எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை எண்ணிவிடலாம். ஒரு மணி நேரத்து ட்வீட்டுகளை, அதே நேரத்தில் வழக்கமாக வருவதோடு ஒப்பிட்டால் போதும். ரீட்வீட்டும் அதில் இருக்கலாம். உணர்வைப் பார்க்கும்போது அதை நீக்க வேண்டும்; இல்லையென்றால் ஒருவருடைய கிண்டல் ஆயிரம் பேர் கருத்தாகிவிடும். (ரீட்வீட் செய்ததும் கருத்துதானே என்றால், அதற்குச் சரியான பதில் இல்லை.)

தேடுவதில் வரும் சிக்கல்கள் சரிசெய்யக் கூடியவை. ரோமன் எழுத்தில் ழ-வுக்கு 'எல்'லும், 'ஆ'வுக்கு ஒற்றை 'a'வும் தட்டினால் மழை, மலை, மாலை மூன்றும் ஒன்றாகிவிடும். பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பிரிக்கலாம். கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரும், இரண்டாகவும் வரும். அதை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

உணர்வு அப்படி அடங்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் நல்லது என்றால் பிளஸ், கெட்டது என்றால் மைனஸ் மதிப்பெண் தரும் 'வேடர்' (VADER) சொற்பட்டியல் 2014-இல் வந்தது; அது ஆங்கிலத்துக்கானது. அதை மொழிபெயர்த்துப் போட்டால் 'கொல்' மைனஸில் விழும். 'கொன்னுட்டான்' நம்மிடம் பாராட்டு. எதிர்மறை வினையோடு ஒட்டிக்கொண்டு வருவதால், சொல்லின் கடைசி ஒட்டை (விகுதியை) வெட்டும் நிரல் 'பிடிக்கல'வை 'பிடி' ஆக்கி நல்ல பக்கம் சேர்த்துவிடும். 'வாசல்லயே நீச்சல் குளம், ரொம்ப நன்றி' என்பதில் நன்றி மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதைவிட மோசம், எழுதாதவர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பல பகுதிகளில் கரண்ட்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் நிற்பவர் ட்வீட் போடுவதில்லை. அமைதியாக இருக்கும் ஏரியாவை 'பிரச்சினை இல்லை' என்று படித்தால் தலைகீழாகிவிடும்.

நம்பரே கொடுத்திருக்கக் கூடாதோ? கொடுக்காவிட்டால் வேறொருவர் இதைவிட மோசமான நம்பரைக் கொடுத்திருப்பார். குலுக்கல் முறையில் 300 ட்வீட் எடுத்து, இருவர் தனித்தனியாகப் படித்துக் குறித்து, ஒத்துப்போகாதவற்றை ஒதுக்கி, 'இதிலிருந்து இதுவரை' என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் நடு எண்ணைத்தான் ஸ்லைடில் போட்டிருப்பார்கள்.

ஆனால் அது அரைநாள் வேலை. அரைநாள் இல்லை என்று அன்று சொன்னோம். இருந்தது.